பட்டு சுற்றிய கோடாலி

வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் பூங்காவனம் தோளில் கோடாலியோடு நின்றுகொண்டிருந்தாள். காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. பக்கத்து அரிசி மில்லிலிருந்து பறந்து வந்த உமித்தூசி காற்றில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முடியில், தோளில், கோடாலியின் இரும்பில் எல்லாம் பொன்னிறமாக ஒட்டியிருந்தது. கையில் பை இல்லை. மாற்றுப்புடவை இல்லை.

அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூட்டிப்போக வந்தவன் நான்.  அவளைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வியே, "கோடாலி எதுக்கு?" என்பதுதான்.

"பையை எடுத்துக்கினு கெளம்புனா எங்க போறேன்னு எங்கப்பா கேப்பாரு. கோடாலியை எடுத்துக்கினா ஒண்ணும் கேக்க மாட்டாரு. வெறவு வெட்டப் போறேன்னு நெனச்சுக்குவாரு" என்றாள்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் முறைத்தார். "அதைக் கீழ போடும்மா. யாரையாச்சும் வெட்டிடப் போற."

"இது வெறவு வெட்டுற கோடாலி, ஆளை வெட்டாது" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.  காஞ்சிபுரம் வரும்வரை கோடாலியின் காம்பை விடாமல் பிடித்திருந்தாள்.

கோயிலில் செருப்பு விடும் இடத்தில் அதை வைத்துவிட்டு டோக்கன் வாங்கினேன். தாலி கட்டி முடித்து வெளியே வந்து, டோக்கனைக் கொடுத்துக் கோடாலியைத் திரும்ப வாங்கினேன். ஊரில் வேறு எந்த மாப்பிள்ளைக்கும் இந்த பாக்கியம் கிடைத்திருக்காது.

இருபது வருஷம் இருக்கும். போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் தறியைப் பற்றி நான் எழுதியதைப் பூங்காவனம் படித்துவிட்டு, "உன் கதையாவே எழுதினு இருக்கியே, என் கோடாலி எப்போ வரும்?" என்று கேட்டாள். அதனால்தான் இந்த வாரம் இது.

அடுப்பு கேட்ட விறகு

நாங்கள் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவுக் குடும்பம். அவர்கள் வாலாஜாபாத்தைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் நிலம் வைத்திருந்த விவசாயக் குடும்பம். அவள் அப்பா ஏழுமலை பயிர் இல்லாத மாதங்களில் விறகு வெட்டி, டிராக்டரில் ஏற்றி, எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறைக்குக் கொண்டுவந்து போடுவார். அம்மா இல்லாத பெண் என்பதால் பூங்காவனமும் கூடவே வருவாள்.

பட்டுக்குச் சாயம் போடும் அடுப்பு ரொம்பச் செல்லம் கேட்கும். தீ ஒரே சீராக எரிய வேண்டும். கட்டை பருமனாக இருந்தால் ஒரு நேரம் அணைந்த மாதிரி கிடக்கும், இன்னொரு நேரம் குதிக்கும். குதித்தால் நிறம் திட்டுத் திட்டாகப் போய்விடும். அதனால் விறகைப் பட்டறையிலேயே ஒரே பருமனில் பிளந்து கொடுக்க வேண்டும்.

அதைச் செய்தது அவள்தான். சாயம் போட்ட பட்டை வாங்கப் போன நான் வாங்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரக்குச் சிவப்புச் சாயம் கொதிக்கும் கொப்பரையிலிருந்து ஆவி கிளம்பி முற்றமெல்லாம் பரவும். அந்த ஆவிக்குள் அவள் கை உயர்வது தெரியும், இறங்குவது தெரியாது. சத்தம் மட்டும் வரும். ஆவி விலகும்போது கட்டை இரண்டாகக் கிடக்கும்.

அந்தச் சத்தம் இப்போதும் சில மத்தியானங்களில், தறியில் உட்கார்ந்தபடியே கண் சொக்கும்போது எனக்குக் கேட்கிறது.

ஒருநாள் விறகுக்கட்டை இறக்கிவைக்க நான் கை கொடுத்தேன். என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாது இது, கொயந்தைங்க கை மாதிரி இருக்குது!" என்று சிரித்தாள். அவ்வளவுதான். நான் தொலைந்தேன்.

இழை ஓடும் கை

என் கையைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டு நெய்கிறவன் உள்ளங்கை சொரசொரப்பாக இருக்கக்கூடாது. கையில் சின்னக் காய்ப்பு இருந்தாலும் இழை அதில் மாட்டிப் பிசிறும். அதனால் எங்கள் வீடுகளில் மண்வெட்டி பிடிக்க மாட்டோம், தேங்காய் உரிக்க மாட்டோம், கிணற்றுக் கயிற்றைக்கூடத் துணி சுற்றித்தான் இழுத்தோம். சோம்பேறிகள் என்று பெயர் வாங்கிக்கொண்டாலும் பரவாயில்லை, கை முக்கியம்.

இதில் தொல்லையும் உண்டு. ரேஷன் கடை மெஷினில் என் விரலை வைத்தால் ரேகையே விழாது. கடைக்காரர் என் விரலைத் துடைத்து, அழுத்தி, ஊதி, கடைசியில் "நீ இருக்கியாய்யா, இல்லையாய்யா?" என்று கேட்பார். பூங்காவனம் வந்து விரல் வைத்த பிறகுதான் எங்களுக்கு அரிசி.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தறிக்குப் புதிதாக வருகிறவர் கையில் இழை ஓட்டிப் பார்ப்பார்கள். முறுக்கேற்றாத ஒற்றைப் பட்டிழையை உள்ளங்கையில் வைத்து மெல்ல இழுப்பது. எங்கும் நிற்காமல் ஓடினால் தறியைத் தொடலாம். நின்றால் தொடக்கூடாது.

பூங்காவனம் வந்த மறுநாளே என் அம்மா அவள் கையில் இழை ஓட்டினார். இழை ஓடவில்லை. விரல்களின் அடியில் நான்கு இடத்தில் மாட்டி நின்றது. அவை கோடாலிக் காம்பு தந்த காய்ப்புகள்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் நல்லெண்ணெயும் தவிடும் குழைத்துக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். கோடாலி, நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியின் மூலைக்குப் போனது. ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் இழை நிற்காமல் ஓடியது. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பூங்காவனம் மட்டும் கொல்லைப்பக்கம் போய் அழுதாள்.

நான் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"அப்பா வூட்டுதுன்னு எங்கிட்ட அது ஒண்ணுதான்யா இருந்துச்சு. அதுவும் போயிடுச்சு" என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

அந்தக் கையைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

ஏழுமலை சொன்ன கணக்கு

மகள் போன பிறகு ஏழுமலை எங்களைத் தேடி வரவில்லை, சண்டைக்கும் வரவில்லை. விறகு போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஊரில் யார் கேட்டாலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "என் கோடாலியை எடுத்துக்கினு போயிட்டா." பெண் போய்விட்டாள் என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

இது எங்கள் காதுக்கு வந்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு கோடாலிக்கு இவ்வளவு வயிற்றெரிச்சலா என்று கேலி செய்தேன். பூங்காவனம் சிரிக்கவில்லை. கொடுத்துவிட்டு வரலாம் என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். "கூப்புடட்டும், போறேன்" என்றாள். அவர் கூப்பிடவில்லை. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மரத்தில் செதுக்கிய பிடிவாதம்.

அவர் நிலத்துக்கும், அதற்குள் அவர் குடியிருந்த கூரைக் கொட்டாய்க்கும் ரோட்டிலிருந்து ஆற்றோரமாக ஒரு ஒற்றையடிப்பாதை உண்டு. அந்தப் பாதையில் சீமைக் கருவேலம் முளைத்தது. எங்கள் பக்கம் அதை வேலிகாத்தான் என்பார்கள். ஆற்றில் வெள்ளம் வந்து வண்டல் தள்ளிய பிறகு அது ஆள் உயரத்துக்கு மேல் போய்ப் பாதையை மூடிவிட்டது. கிழவர் வெட்டவில்லை. நாய் நுழைகிற மாதிரி அடியில் ஒரு சந்து மட்டும் இருந்ததாம். அதற்குள் குனிந்து போய்க் குனிந்து வருவாராம்.

பால்காரர் போன்

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன், மழை விட்ட மாதம். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை இருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. அது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். உடலை நான் நெய்ய, மறுபக்கக் கரைக்குப் பூங்காவனம் ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். எங்கள் இருவர் கையும் சேர்ந்து பழகிய கை.

அப்போது ஏழுமலைக்குப் பால் ஊற்றும் பழனி போன் செய்தார்.

"பெரியவருக்குக் காலு வீங்கிப் போச்சு. கட்டிலை வுட்டு எறங்க முடியல. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போணும்னா கட்டிலோட தூக்கணும். வழி இல்லப்பா. ஜேசிபிக்காரன் வந்து பாத்துட்டு, சேத்துல வண்டி மாட்டிக்கும்னு போயிட்டான். நாங்க நாலு பேரு வெட்டலாம்னு போனா உள்ளயிருந்து கண்டபடி திட்டுறாரு."

"என்னன்னு திட்டுறாரு?"

"என் வழியை என் கோடாலிதான் வெட்டணும், அது காஞ்சிபுரத்துல இருக்குது, வேற எவனும் கை வெக்காதீங்கங்கிறாரு."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பூங்காவனத்தின் கையில் நாடா அப்படியே நின்றது.

"நான் போறேன்" என்றாள்.

இங்கேதான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். நீ கோடாலி பிடித்தால் கை காய்த்துவிடும், கோர்வை நின்றுவிடும், முகூர்த்தப் புடவை, பேச்சு கெட்டுப்போகும் என்று அடுக்கினேன். "அவர் கேட்டது கோடாலியைத்தானே? நான் கொண்டுபோய் வழி வெட்டிக் கொடுத்துட்டு வர்றேன். நீ கையைக் காப்பாத்து."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தறிக்குழி மூலையிலிருந்து கோடாலியை எடுத்துக் கொடுத்தாள். 

நெசவுக்காரன் வெட்டிய மரம்

என் கையும் தறிக்கு வேண்டுமே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். தறியில் மிஞ்சிய பட்டுக் கழிவை எடுத்துக் கோடாலிக் காம்பில் அடர்த்தியாகச் சுற்றிக் கட்டினேன். மெத்தென்று இருந்தது. காய்ப்பு வராது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

விடிந்ததும் பாலாற்றங்கரையில் இறங்கினேன். பனிமூட்டம் மணல்மேல் படுத்திருந்தது. ஆற்றின் நடுவே மழை விட்டுப்போன தண்ணீர் மூன்று நான்கு இழையாக ஓடிக்கொண்டிருந்தது. நாரைகள் அசையாமல் நின்றன. வேலிகாத்தான் இலைகளிலிருந்து பனி சொட்டும் ஒலியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் எதற்காக வந்தேன் என்பதையே சற்று நேரம் மறந்து நின்றேன்.

பிறகு வெட்டினேன். வெட்டினேன் என்று சொல்வது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மரியாதை. மரத்தைத் தட்டி எழுப்பினேன் என்று சொல்லலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் முள்ளும் பனியும் என் தலையில் கொட்டின. ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டில் நீளத்துக்கு வழி வந்தது.

பனியும் வேர்வையும் பட்டில் ஊறின. ஈரப்பட்டு எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பட்டில் புழங்குகிறவன். ஆனாலும் தோன்றவில்லை. அடுத்த முறை ஓங்கியதில் கோடாலி என் கையை விட்டு வழுக்கிக்கொண்டு பறந்தது. புதருக்குள் எங்கோ ஆழத்தில் விழுந்த ஓசை கேட்டது. என் கையில் அவிழ்ந்த பட்டுத் துணுக்கு மட்டும் மிச்சம்.

"யார்ரா அது?"

குரல் முட்களுக்கு அப்பாலிருந்து வந்தது. ஆளைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் மாமா. காஞ்சிபுரம்."

 நாரை ஒன்று எழுந்து பறந்தது.

"கோடாலி சத்தமே சரியில்ல. காம்புல இன்னா சுத்தி வெச்சிருக்கே?"

"பட்டு மாமா."

"இன்னாது?"

"பட்டு. கை காய்ச்சுடக் கூடாதுன்னு..."

முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. கட்டில் கிறீச்சிட்டது. சிரிப்பு நிஜமாகவே இருமலில் போய் முடிந்தது.

"கோடாலி எங்க இப்போ?"

"பறந்துடுச்சு மாமா. முள்ளுக்குள்ள."

"அதுவும் போச்சா" என்றார்.

அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "காம்பை மாத்திட்டாளா?"

"இல்ல மாமா. நீங்க போட்ட காம்புதான்."

"வெயிலு ஏறுது. வூட்டுக்குப் போ, பட்டுக்காரா."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு மெல்ல உறைத்தது. அந்த மனுஷன் இத்தனை வருஷமாகக் கோடாலி, கோடாலி என்று யாரைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று. எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது.

மறுநாள்

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைப் பூங்காவனத்திடம் மறைக்காமல் சொன்னேன். கோடாலி போனதற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பா இன்னா சொன்னாரு?"

"அதுவும் போச்சான்னு கேட்டாரு."

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். பட்டு சுற்றியும் கொப்புளம் கிளம்பியிருந்தது. ஒரு இழையை எடுத்து என் உள்ளங்கையில் ஓட்டினாள். மூன்று இடத்தில் நின்றது. எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாக இழை நின்றது.

"உன் கையும் போச்சு. இனிமே என் கையைக் காப்பாத்தி இன்னா பண்றது?" என்று சொல்லி, நெய்த பகுதியைத் துணி போட்டு மூடினாள். பக்கத்து வீட்டுத் தனசேகரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டுப் புடவையை முடித்துத் தரச் சொன்னாள். அவர்களும் கோர்வை நெய்கிறவர்கள்தான். ஆனால் கை மாறினால் நெசவின் நெருக்கம் மாறும். அந்தப் புடவையில் ஒரு விரல்கடை அகலத்துக்கு அந்த மாற்றம் தெரியும். கல்யாணப் பெண் கண்டுபிடிக்கவில்லை. நானும் பூங்காவனமும் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்போம்.

மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸில் போனோம். நான் நின்ற இடத்தில் அவள் நின்றாள். "எந்தப் பக்கம் வழுக்குச்சு?" என்று கேட்டாள். காட்டினேன். முட்களை ஒரு கழியால் விலக்கிக்கொண்டு போய்க் கோடாலியை எடுத்துவந்தாள். காம்பில் மிச்சமிருந்த பட்டை உரித்து என்னிடம் நீட்டினாள்.

"இதை நீயே வெச்சுக்க."

குனிந்து ஆற்று மணலை அள்ளி உள்ளங்கைகளில் தேய்த்துக்கொண்டாள். பனிமூட்டத்துக்குள் அவள் கை உயர்வது தெரிந்தது. இறங்குவது தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. சாயப்பட்டறை முற்றத்தில் நின்ற அந்த மத்தியானமே திரும்பி வந்த மாதிரி நான் கிறங்கி நின்றேன்.

மூன்றாவது வெட்டுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வேரோட வெட்டு. மேலாக்க வெட்டுனா திரும்ப முளைச்சுடும்."

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அப்பா மகளிடம் பேசிய முதல் பேச்சு.

"தெரியும்பா" என்றாள்.

 அவள் வெட்ட, நான் முள்கிளைகளை இழுத்துப் போட்டேன். அவள் மூச்சு வாங்க நின்றால் உள்ளேயிருந்து, "இன்னா நின்னுட்ட?" என்று வரும். "நிக்கல" என்று இவள் சொல்வாள். அவள் முகம் நனைந்திருந்தது. வேர்வையா என்று நான் கேட்கவில்லை. பழனியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். இந்த முறை கிழவர் யாரையும் திட்டவில்லை.

உச்சி வெயிலில் வழி திறந்தது. கொட்டாய்க்குள் அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். எவ்வளவு சின்னதாகிப் போயிருந்தார்! பூங்காவனம் வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போய்க் கோடாலியை அவர் கால்மாட்டில் வைத்தாள்.

"உன் கோடாலிப்பா."

அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அது கெடக்குது. நீ உக்காரு" என்றார்.

இன்னொரு தடவை

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். தறிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டோம். "ராவுனு பாக்காம பகலுனு பாக்காம இன்னாய்யா சத்தம் இது" என்று தறியை வைதபடியே எட்டு மாதம் இருந்தார். என்னைக் கடைசிவரை பட்டுக்காரா என்றுதான் கூப்பிட்டார். அடுத்த மழைக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அந்த எட்டு மாதமும் வாரத்துக்கு ஒருமுறை பூங்காவனம் அந்தப் பாதைக்குப் போய், முளைத்ததை வெட்டிவிட்டு வந்து, அவரிடம் சொல்வாள். அவர் தலையாட்டுவார். எங்கள் தறியில் கோர்வை ஓடவில்லை. ஒற்றை ஆள் நெய்கிற சாதாரணப் புடவைகளை நெய்து காலம் தள்ளினோம்.

அவர் போன பிறகு நிலம் பங்காளிகளிடம் போனது. பாதை வெட்ட வேலை இல்லை. கோடாலி மறுபடியும் தறிக்குழி மூலைக்கு வந்தது. அவள் எண்ணெயும் தவிடும் தேய்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாள் போகப்போகக் கை தானாகவே ஆறியது.

போன தை மாதம் ஒரு கோர்வைப் புடவைக்கு ஆர்டர் வந்தது. காலையில் தறிமுன் உட்கார்ந்து கையை நீட்டி, "ஓட்டிப் பாருய்யா" என்றாள்.

இழையை அவள் உள்ளங்கையில் வைத்து மெல்ல இழுத்தேன். ஜன்னல் வெயிலில் அது மின்னிக்கொண்டே போனது. எங்கும் நிற்கவில்லை.

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு தடவை ஓட்டு" என்றாள்.